புளித்த திமிங்கிலமும் உருளைக்கிழங்கு மேசையும்

ஸ்டாபாவிக் ஊரில் ஹெர்திஸ் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். உருளைக்கிழங்கு ஹெர்திஸ் என்று கேட்டால் நண்டு சிண்டுகூட வழி காட்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதன் பிறகு ஊருக்கு அவள் என்னென்னவோ செய்துவிட்டாள். மலைப்பாதையில் பனி ஒதுக்கும் வண்டியை ஓட்டுகிறவளே அவள்தான். அவள் விடியலில் எழுந்து வண்டியைக் கிளப்பாவிட்டால் பால் வண்டி வராது, பள்ளிக்கூடம் திறக்காது, பிரசவ வலி எடுத்தவள் வீட்டிலேயே பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் பெயர் மாறவில்லை.

எல்லாம் ஒரு துண்டு சுறாவால் வந்தது.

நடுக்குளிர்காலத்தில் ஊர்ப் பொதுமண்டபத்தில் தோர்ரி விருந்து நடக்கும். பண்ணைக்குப் பண்ணை மாதக்கணக்கில் மோர்த்தெளிவுப் பீப்பாயில் ஊறிய கறியெல்லாம் அன்றைக்கு மரத்தொட்டிகளில் வந்து இறங்கும். கடாவின் விதை, ஈரல் உருண்டை, ரத்தக் களி, சீல் என்கிற கடல்நாயின் துடுப்பு, மயிர் பொசுக்கி வேகவைத்த ஆட்டுத்தலை, மட்கவைத்துக் காயப்போட்ட சுறா. இவை அத்தனைக்கும் ராஜா மாதிரி நடுவில் புளித்த திமிங்கிலக் கொழுப்பு. புது மருமகள், தலைநகரத்துக்காரி, நாலு பேர் முன்னால் பெயர் வாங்க வேண்டும் என்ற வேகம். சுறாவைச் சுண்டைக்காய் அளவுக்கு எடுத்து, மூச்சை வெளியே விட்டபடி வாயில் போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எலுமிச்சம்பழ அளவு எடுத்தாள். மூச்சை நன்றாக உள்ளேயும் இழுத்தாள். அடுத்த நொடியில் எதிரே உட்கார்ந்திருந்த பாதிரியாரின் புதுக் கோட்டு பாழாய்ப் போனது.

பாதிரியார் மாற்றலாகிப் போய்விட்டார், கோட்டும் கிழிந்திருக்கும், கதை மட்டும் போகவில்லை. விருந்தில் வருடா வருடம் ஊர்க்காரர்களைக் கேலி செய்து ஒரு நாடகம் போடுவார்கள். அந்த வருடம் யார் டிராக்டரைக் கடலுக்குள் விட்டார்கள், யார் அடுத்தவன் ஆட்டைத் தன் ஆடு என்று சாதித்தார்கள் என்று எல்லாம் மேடைக்கு வந்துவிடும். மற்றவர்களின் கேலி ஒரு வருடத்தோடு தீர்ந்துபோகும். ஹெர்திஸின் வாந்தி மட்டும் கடைசிக் காட்சியாக நிலைத்துவிட்டது. தபால்காரன் கிஸ்லி அவளுடைய மஞ்சள் மேலங்கி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தியபடி மேடையைச் சுற்றி ஓடுவான். கடைசியில் ஒரு வாளிக்குள் தலையை விடுவான். கேலிக்கு ஆளானவர்தான் கூட்டத்திலேயே சத்தமாகச் சிரிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். முகம் சுளித்தால் மறு வருடம் இன்னும் ஒரு காட்சி சேரும். ஹெர்திஸ் சிரித்தாள். வருடா வருடம் கன்னம் வலிக்கச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அவளுக்கென்று போடும் இடம் உருளைக்கிழங்கு மேசை. மண்டபத்தின் நடுவில் ஓடும் நீள மேசையில் தொட்டிக் கறி தின்கிறவர்கள் உட்காருவார்கள். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், காற்று ஊசியாகக் குத்தும் மூலையில், சின்ன மேசை ஒன்று கிடக்கும். சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், புதுப் பல்செட் மாட்டியவர்கள், ஒப்பந்தத்தில் வந்த வாத்தியார் ஆகியோருக்கு அது. வெள்ளைக் குழம்பு ஊற்றிய அவித்த உருளைக்கிழங்கும் இரண்டு துண்டு புகையிட்ட ஆட்டுக்கறியும் அங்கே வரும். பிள்ளைகள் வளர்ந்து நீள மேசைக்குப் போனார்கள். கர்ப்பிணிகள் பெற்றுவிட்டுப் போனார்கள். ஹெர்திஸ் மட்டும் அங்கேயே இருந்தாள்.

நாடகத்தை நடத்துகிறவர் பெர்க் பண்ணை ஸ்டெய்ந்தோர். விருந்துக் குழு வருடத்துக்கு வருடம் மாறும். மைக் மட்டும் அவர் கையை விட்டு மாறாது. பீப்பாய் மாதிரி உடம்பு, அதற்கேற்ற குரல். "தொட்டில்ல கெடக்கும்போதே எங்கப்பா எனக்குத் திமிங்கிலக் கொழுப்ப ஊட்டுனாரு" என்று ஆரம்பித்தாரென்றால் கூட்டம் கை தட்டும். புளித்ததையும் மட்கியதையும் அவர் புகழ்வதைக் கேட்டால் சைவக்காரனுக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

ஒரு வருடம் செப்டம்பரில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் பிரிக்கும் நாளன்று, ஹெர்திஸ் நேராக அவரிடம் போனாள். விருந்துக் குழுவில் இருந்த ராக்னாவும் பக்கத்தில் நின்றிருந்தாள். ராக்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஹெர்திஸுக்கு நெருங்கிய சிநேகிதி.

"இந்த வருஷம் குழுவுல என்னையும் சேத்துக்கங்க" என்றாள் ஹெர்திஸ்.

ஸ்டெய்ந்தோர் இரண்டு கால்களுக்கு நடுவே ஓர் ஆட்டைப் பிடித்திருந்தார். ஆட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். "குழுவுலயா? தொட்டியில இருக்கறதத் தொட்டுப் பாக்காதவ தொட்டிய எப்படி நெரப்புவ? ஊருக்கே உருளைக்கிழங்கு அவிச்சுப் போடப் போறியா?"

பட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெர்திஸும் வழக்கப்படி சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"தின்னுட்டா?" என்றாள்.

"எதை?"

"தொட்டியில இருக்கற எல்லாத்தையும்."

ஸ்டெய்ந்தோருக்கு மைக் இல்லாவிட்டாலும் மேடை கிடைத்துவிட்டது. நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. நீள மேசையில உக்காந்து, ஊரு முன்னாடி, ஒண்ணு விடாமத் தின்னுட்டான்னா, மைக்க இவ கையில குடுத்துட்டு நான் போய் உருளைக்கிழங்கு மேசையில உக்காந்துக்கறேன். தின்னலைன்னா இவ வாந்தி நாடகம் இவ சாகற வரைக்கும் நடக்கும். செத்ததுக்கு அப்புறமும் மரியாதைக்கு ஒரு வருஷம் நடத்துவோம்."

"சரி" என்றாள் ஹெர்திஸ். சொன்னது சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ராக்னா அவளைப் பிடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி உனக்கு? தக்காளி சாஸ் வாசனைக்கே மூக்கப் பொத்தறவ நீ."

"பொத்தறத நிறுத்தறேன்" என்றாள் ஹெர்திஸ்.

அவள் புருஷன் ப்ராகி இதே ஊரில் பிறந்தவன். எதையும் தின்பான், எதையும் பேசமாட்டான். மறுநாள் தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு வாளியில் புளித்த ஈரல் உருண்டை கொண்டுவந்தான். கூடத்துக்குள் கொண்டுவர விடாமல் வண்டிக் கொட்டகையிலேயே வைத்தான். "போன வாரந்தான் ஜன்னல் திரையெல்லாம் தொவச்சேன்" என்றான். ஹெர்திஸ் கொட்டகையில் பனி வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் போட்டாள். உடனே துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். மூன்றாவது உள்ளே போய்த் திரும்பி வந்தது.

ப்ராகி பார்த்துக்கொண்டே நின்றான். "மூச்ச வெளிய விடுடி மொதல்ல. நீ வாயில போடறதுக்கு முன்னாடியே சண்டைக்கு நிக்கற."

விட்டுப் பார்த்தாள். நாலாவது கவளம் நின்றது. சுவை என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வயிறு அமைதியாக இருந்தது. அதுவே அவளுக்குப் பெரிய வெற்றியாகத் தோன்றியது. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

அக்டோபர் கடைசியில் பனி விழ ஆரம்பித்தது. பாதையைத் திறந்துகொண்டு போகும் ஹெர்திஸை எந்தப் பண்ணையிலும் காப்பி குடிக்காமல் விடமாட்டார்கள். அன்றைக்கு க்ரூந்த் பண்ணை ஆல்திஸ் காப்பியை ஊற்றிவிட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, ஒரு தட்டை நகர்த்தினாள். அதில் கடா விதை அழுத்திய வில்லைகள் இருந்தன.

"எங்க பீப்பாயிலேர்ந்து. தின்னு பாரு. நான் குடுத்தேன்னு மட்டும் வெளிய சொல்லாத. ஸ்டெய்ந்தோர் காதுக்குப் போச்சுன்னா என்னையும் நாடகத்துல ஏத்திருவான்."

ஹெர்திஸ் தின்றாள். மிருதுவாக, லேசான புளிப்போடு, கெட்டித் தயிரைக் கட்டிவைத்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று எரிச்சலே வந்தது. அடுத்த பனிக்கு மெல்லார் பண்ணையில் ரத்தக் களி வந்தது. அதற்கடுத்து வேறொரு வீட்டில் புகையிட்ட பஃபின் பறவை. ஒருவர் குதிரைக்கறி கொடுத்தார். ஒருவர் நீர்க்காகம் கொடுத்தார். நீர்க்காகம் சேற்றில் புரட்டிய செருப்பு போல இருந்தது, அதைக் கொடுத்தவரே ஒப்புக்கொண்டார். எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடுத்தார்கள். எல்லோரும், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதே என்றார்கள். ஊரே ரகசியமாக அவளுக்கு ஊட்டியது. ஒவ்வொரு வீடும் தான் மட்டுமே இந்த வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டது.

கடற்கரை ஓரத்து ஹோல்ட் பண்ணை ஸ்கூலி, வாலிபத்தில் திமிங்கிலக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் முதலில் கொடுத்தது புளிக்கவைக்காத திமிங்கிலக் கறி. வெண்ணெயில் வெங்காயத்தோடு நொடிப்பொழுது வாட்டியது. மேலே கரிய நிறம், உள்ளே பீட்ரூட் சிவப்பு. மாட்டுக்கறி என்று நினைத்து மெல்ல ஆரம்பித்தவள், விழுங்கும்போது கடலை உணர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன, வாளி வேணுமா?" என்றார் ஸ்கூலி.

"இன்னொரு துண்டு வேணும்."

ஸ்கூலி இரண்டாவது துண்டைக் கொடுத்தார், மூன்றாவதைக் கொடுத்தார், பிறகு எழுந்துபோய்ப் பீப்பாய் மூடியைத் திறந்தார். புளித்த கொழுப்பு தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளேரென்று, இழை இழையாக இருந்தது. கடித்தால் முதலில் வளைந்துகொடுத்து, பிறகு உதிர்ந்து, புளிப்பும் எண்ணெயுமாக நாக்கு முழுவதும் பரவியது. ஹெர்திஸுக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்க்கையில் ஒரு சாப்பாட்டுக்காக அவள் உடம்பு சிலிர்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் இந்த ஊரில், இந்தக் கடலோரத்தில், இதைத் தின்னாமல் வெள்ளைக் குழம்பை வழித்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது ஸ்டெய்ந்தோர்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் கோபம் அதிகம் வந்தது.

அன்றிலிருந்து அவள் பந்தயத்துக்காகத் தின்னவில்லை. ஆசைக்குத் தின்றாள். தின்னாத ஒன்றைப் பற்றி யாராவது பேசினால் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். ப்ராகியே சலித்துக்கொண்டான். "நேத்து சீல் துடுப்பு, இன்னைக்கு ஆட்டுத்தலை. ஒரு நாளாவது மீன் வறுவல் பண்ணக் கூடாதா?"

ஒன்றே ஒன்று மட்டும் வசப்படவில்லை. சுறா. எவ்வளவு சின்னதாக வெட்டினாலும், எப்படி மூச்சை விட்டாலும், அந்த மூத்திர நெடி மூக்குக்குள் ஏறியதும் பாதிரியாரின் கோட்டு கண்முன் வந்துவிடும். மற்றவர்கள் சுறாவைப் போட்டதும் ஒரு மடக்குச் சாராயம் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். அவளுக்கு அந்த வழியும் இல்லை. விருந்து முடிந்து ஊரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் அவள். பனி வண்டி ஓட்டுகிறவள் குடிக்கக் கூடாது. விருந்துக்கு முந்தின நாள் கொட்டகையில் கடைசியாக ஒரு தடவை முயன்றாள். துப்பினாள்.

விருந்து அன்றைக்குக் காலையிலிருந்தே பனிப்புயல். ராக்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். "கிஸ்லி புது வாளி வாங்கிருக்கான்டி. இந்த வருஷம் காட்சியப் பெருசு பண்ணிட்டாங்க, பாட்டு வேற கட்டிருக்காங்க. நீ பாதையத் தொறக்கலைன்னா விருந்தே கெடையாது. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

ஹெர்திஸ் ஜன்னல் வழியே வெள்ளையாகிப் போன உலகத்தைப் பார்த்தாள். ராக்னா சொன்னது நியாயம்தான். புயல்மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். "ஸ்கூலியோட தொட்டி வருதா?" என்று கேட்டாள்.

"பாதை இருந்தா வரும்."

"அப்ப வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பப் போனாள்.

அன்றைக்கு ஹோல்ட் முதல் பெர்க் வரை ஒரு பண்ணை விடாமல் பாதையைத் திறந்தாள். அவள் வண்டிக்குப் பின்னால் கார்களின் விளக்குகள் வரிசையாக ஊர்ந்து வந்தன. வரிசையின் கடைசியில் ஸ்டெய்ந்தோரின் கார்.

மண்டபத்தில் எள் விழ இடமில்லை. ஹெர்திஸ் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடைசியாக வந்தபோது, கதவருகே நின்ற ஸ்டெய்ந்தோர் மைக்கில் வரவேற்றார். "வாம்மா, உருளைக்கிழங்கு மேசையில உனக்கு எடம் போட்டிருக்கு. குழம்பு சூடா இருக்கு."

ஹெர்திஸ் மஞ்சள் மேலங்கியைக் கழற்றி மாட்டினாள். உருளைக்கிழங்கு மேசையைத் தாண்டி நடந்தாள். நீள மேசையின் நடுவில், ஸ்கூலி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"நீங்களும் உக்காருங்க" என்றாள். "தனியாத் தின்னா ருசிக்காது."

ஸ்டெய்ந்தோர் மைக்கைக் காட்டினார். "எனக்கு வேலை கெடக்கும்மா." ஆனால் கூட்டம் விடவில்லை. உட்காரு, உட்காரு என்று மேசையைத் தட்டினார்கள். அவர் மைக்கை விடாமலே வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஈரல் உருண்டை. ஹெர்திஸ் தின்றாள். ரத்தக் களியைத் தின்றாள், சீல் துடுப்பைத் தின்றாள். மண்டபம் சலசலத்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கடா விதையில் ஒரு வில்லையை எடுத்து மென்றவள் தலையைத் தூக்கினாள்.

"இது க்ரூந்த் பீப்பாய்."

ஆல்திஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த துண்டைத் தின்றுவிட்டு, "இது மெல்லார், உப்புக் கொஞ்சம் கூட" என்றாள். மெல்லார் குடும்பமே எழுந்துவிட்டது. உனக்கெப்படித் தெரியும், நீயும் குடுத்தியா, நான் மட்டுந்தான் குடுத்தேன்னு நெனச்சேனே என்று மண்டபம் முழுக்க ஒரே கூச்சல். ரகசியம் வெளியே வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. குளிர்காலம் முழுக்கத் தாங்கள் ஒவ்வொருவரும் கதவைச் சாத்தி வளர்த்த பிள்ளை கண்ணெதிரே ஜெயித்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு துண்டைத் தூக்கும்போதும் ஒரு பண்ணை எழுந்து நின்றது.

ஸ்டெய்ந்தோர் மைக்கில், "இதெல்லாம் பிள்ளைங்க திங்கறது. சுறா எங்கப்பா?" என்றார்.

சுறா வந்தது. நெடி முன்னால் வந்தது, தட்டு பின்னால் வந்தது. மேடை ஓரத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட கிஸ்லி வாளியோடு தயாராக நிற்பதை ஹெர்திஸ் பார்த்தாள்.

"சாராயம் வேணாமா?" என்றார் ஸ்டெய்ந்தோர்.

"வண்டி ஓட்டணும்."

"சாராயம் இல்லாமச் சுறாவா?" என்று யாரோ பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்கள்.

ஹெர்திஸ் சுறாவைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்கூலியின் தொட்டியிலிருந்து திமிங்கிலக் கொழுப்பு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். பயத்தில் எடுத்ததுதான். பிடித்ததைத் தின்றால் தைரியம் வரும் என்று நினைத்தாள். மெதுவாக மென்றாள். புளிப்பும் எண்ணெயும் நாக்கிலும் அண்ணத்திலும் தொண்டையிலும் பூசிக்கொண்டன. அந்த வாயோடு, மூச்சை வெளியே விட்டபடி, சுண்டைக்காய் அளவு சுறாவைப் போட்டாள். நெடி மேலே ஏறப் பார்த்தது. கொழுப்பு அதைப் பிடித்து உட்காரவைத்தது. அடியில் பழுத்த பாலாடைக்கட்டி மாதிரி ஒரு சுவை இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. விழுங்கினாள். பாதிரியாரின் கோட்டு வரவில்லை.

இன்னொரு துண்டை எடுத்தாள். இந்தத் தடவை எலுமிச்சம்பழ அளவு.

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தினார்கள். ப்ராகி வாழ்நாளில் முதல் தடவையாக நாற்காலிமேல் ஏறி நின்றான். ராக்னா அழுதே விட்டாள்.

மிச்சம் இருந்தது ஆட்டுத்தலை. ஆளுக்குப் பாதித் தலை. ஹெர்திஸ் கன்னத்தைத் தின்று, கண்ணைத் தின்று, நாக்கைத் தின்று, நாக்கின் அடியில் இருக்கும் சின்னப் பேச்செலும்பை எடுத்தாள். அதை உடைக்காமல் போட்டால் ஊரில் ஏதாவது ஒரு குழந்தை பேசாமலே போய்விடும் என்பார்கள். அதனால் தலை தின்கிற யாரும் அதை முழுதாக விடமாட்டார்கள். நீள மேசை முழுக்க விறகு ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. ஹெர்திஸும் தன்னுடையதை உடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

ஸ்டெய்ந்தோரின் தட்டில் தலை அப்படியே இருந்தது. பக்கத்தில் ஈரல் உருண்டை, விதை, கொழுப்பு எல்லாமே வைத்த இடத்தில் இருந்தன. அவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார், ஓயாமல் கத்தியை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு கவளம் கூட உள்ளே போகவில்லை. மைக் பிடித்தவன் தட்டை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது ஹெர்திஸுக்குச் சட்டென்று உறைத்தது. இத்தனை வருடம் மண்டபத்தின் கண்ணெல்லாம் கழிப்பறைப் பக்கத்து மேசைமேல்தான் இருந்தது. அப்படி வைத்திருந்தது யார் என்பதும் உறைத்தது.

"உங்க எலும்பு எங்க?" என்றாள்.

"எந்த எலும்பு?"

"பேச்செலும்பு. எல்லாரும் ஒடச்சாச்சு."

மேசை முழுவதும் அவர் தட்டைப் பார்த்தது. ஸ்டெய்ந்தோர் முகத்தில் ஈயாடவில்லை. "எங்கப்பா தொட்டில்லயே" என்று ஆரம்பித்தார். ஸ்கூலி குறுக்கே வந்தார். "உங்கப்பா கதைய அப்புறம் கேப்போம். என் திமிங்கிலத்துல ஒரு துண்டு தின்னு."

வேறு வழியில்லை. ஸ்டெய்ந்தோர் ஒரு துண்டை எடுத்தார், ஊரைப் பார்த்தார், வாயில் போட்டார். ஒரு தடவை மென்றார். கண் பிதுங்கியது. மைக்கை மேசைமேல் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, மேடைப் பக்கமாக ஓடினார். கிஸ்லி வருடக்கணக்காக நடித்த அதே ஓட்டம், அடி பிசகாமல் அதேதான். கிஸ்லிக்கு ஒன்றும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் வாளியை நீட்டினான்.

ஊர் சிரித்ததைச் சொல்லி மாளாது. மேசைமேல் விழுந்து சிரித்தவர்கள் உண்டு, கீழேயே விழுந்தவர்களும் உண்டு. ஸ்டெய்ந்தோர் வாளியிலிருந்து தலையை எடுத்தபோது அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலிக்கு ஆளானவர்தான் சத்தமாகச் சிரிக்க வேண்டும். அவர் உதட்டைத் திறந்தார், மூடினார். அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் ஒருத்திதான்.

ஹெர்திஸ் அவருடைய தட்டிலிருந்து நாக்கைப் பிளந்து எலும்பை எடுத்தாள். போய் அவர் கையில் வைத்தாள். "ஒடைங்க" என்றாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். "சின்ன வயசுலேர்ந்தே முடியாது, ஹெர்திஸ். எங்கப்பா எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருப்பாரு. நான் கால்சட்டைப் பையில போட்டுக்குவேன். மைக் கெடச்சதுக்கு அப்புறம் பையும் தேவைப்படல."

"தெரியுது. ஒடைங்க."

உடைத்தார். சின்னச் சத்தம்தான், ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் இருமல் மாதிரி, பிறகு அந்தப் பீப்பாய் உடம்பே குலுங்க. சொன்ன சொல் தவறாமல் மைக்கை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். போய் உருளைக்கிழங்கு மேசையில் உட்கார்ந்தார். வெள்ளைக் குழம்பு ஊற்றிய கிழங்கை இரண்டு தட்டு தின்றார். அந்த மண்டபத்தில் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஹெர்திஸ் மேடையில் ஏறினாள். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. இந்த மைக் கையில் கிடைத்தால் என்ன பேச வேண்டும் என்று வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்து யோசித்து வைத்திருந்தாள். யார் யாரை எப்படிக் கிழிக்க வேண்டும் என்றுகூடத் தெரியும். நெஞ்சு நிறைந்து நின்றாள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். மேடையிலிருந்து பார்த்தால் நீள மேசை முழுவதும் நன்றாகத் தெரிந்தது. கிஸ்லி மஞ்சள் மேலங்கியோடு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கூலியின் தொட்டிக்குள் கை விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் கிஸ்லி, திமிங்கிலத்துல கை வைக்காத" என்றாள் மைக்கில். "அது என்னோடது."

மைக்கை ராக்னா கையில் திணித்துவிட்டு, படி இறங்கி, தன் இடத்துக்குச் சாப்பிடப் போனாள்.